பனையேறிக் கெண்டையும் பேராசிரியர் ஹால்டேனும்

கம்பளை நகரைத் தழுவிச் செல்லும் மகாவலி கங்கையின் ஓரத்தே சற்று நின்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒரே ஆறு, ஒரே நீர். ஆயினும் அதனுள் வாழும் மீன்கள் யாவும் ஒரே உணவை நாடுவதில்லை. ஒன்று கற்களிற் படிந்த பாசியைச் சுரண்டி உண்கிறது. ஒன்று நீர்மேல் விழும் பூச்சியைத் தாவிப் பற்றுகிறது. மற்றொன்று சிறு மீன்களையே இரையாகக் கொள்கிறது. முட்டையினின்று வெளிவந்த குஞ்சுக்கு இதனை உண், இதனைத் தவிர் என்று கற்பிக்கும் தாய் பெரும்பாலான மீனினங்களில் இல்லை. அவ்வாறாயின் இவ்விருப்பு வேறுபாடு எங்கிருந்து வந்தது? உண்ட உணவு ஒரு மீனுடலிற் கொழுப்பாய்த் தங்குவதும், வேறொரு மீனுடலில் விரைந்த ஓட்டமாய்ச் செலவாவதும் எதனால்? பிறப்பினாலா, வாழும் இடத்தினாலா, இரண்டின் கூட்டினாலா?

பெற்றோரிடமிருந்து மக்கள் பெறும் இயல்புகளை ஆராய்வது பிறப்புரிமையியல். உண்ட உணவும் உயிர்த்த காற்றும் உடலினுள்ளே அடையும் மாற்றங்களின் தொகுதிக்கு அனுசேபம் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரு துறைகளும் ஒருவரையொருவர் அறியாத அயல்வீட்டார் போல இருந்தன. இடையிலிருந்த வேலியை அகற்ற முயன்ற அறிஞருள் முன்னிற்பவர் பேராசிரியர் ஜே. பீ. எஸ். ஹால்டேன். ஆங்கில நாட்டிலே பிறந்து இந்தியக் குடிமகனாக இறந்தவர் அவர். தம் இறுதி ஆண்டுகளிலே நம் குளங்களிலும் வயல்களிலும் வாழும் எளிய மீன் ஒன்றைப் பொறுமையோடு நோக்கியிருந்தவர். கற்பிக்குந் தொழிலில் இருப்போர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அவருடையது.

ஜோன் பேர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ஆம் நாள் ஒக்ஸ்போர்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜோன் ஸ்கொட் ஹால்டேன், மனிதர் மூச்சு விடும் முறையை ஆராய்ந்த புகழ் பெற்ற உடற்றொழிலியல் அறிஞர். நாம் விரைந்து மூச்சு வாங்குவது ஒட்சிசன் குறைவதனால் என்றே பலர் எண்ணியிருந்தனர். அஃதன்று, உடலில் உண்டாகும் காபனீரொட்சைட்டு மிகுவதே பெரும்பாலும் மூச்சைத் தூண்டுகிறது என்பதைத் தம் துணைவரோடு 1905ஆம் ஆண்டில் நிறுவியவர் இத்தந்தையார். நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயு பரவுவதை முன்னறிவதற்குச் சிறு பறவைகளை உடன் கொண்டு செல்லும் வழக்கமும் அவர் அறிவுரையாற் பரவியதே.

தந்தையார் சுரங்கங்களுக்குச் செல்லும்போது சிறுவனையும் உடன் அழைத்துச் செல்வார். ஒருமுறை சுரங்கம் ஒன்றில் மகனை எழுந்து நின்று சேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் அந்தோனியின் உரையை ஒப்புவிக்குமாறு பணித்தார். பாதி உரை முடியுமுன்னரே சிறுவனுக்கு மூச்சுத் திணறிக் கால்கள் தளர்ந்தன. தரையில் விழுந்தான், விழுந்தவுடன் தெளிவு பெற்றான். சுரங்கத்து வாயு காற்றினும் இலேசானது, ஆகவே கூரையை ஒட்டி மேலே நிற்கும், தரையோரக் காற்று தூயது என்னும் பாடம் அவனுக்கு அன்றே பதிந்துவிட்டது. பிறர் உடலைத் துன்புறுத்துவதற்கு முன் தன் உடலைச் சோதனைக்கு உட்படுத்துவதே முறை என்னும் கொள்கையும் அத்தந்தையிடமிருந்து மகனுக்கு வந்ததே.

மூச்சு தந்தை வழி வந்த பாடம். மரபு அவரே தேடிக்கொண்ட பாடம். பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பாரம்பரியத்தின் விதிகளைக் கண்ட மெண்டல் துறவியாரின் ஆராய்ச்சி முப்பத்தைந்து ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்து 1900ஆம் ஆண்டில் மீண்டும் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டிலே அதைப் பற்றி ஒக்ஸ்போர்டில் நிகழ்ந்த சொற்பொழிவு ஒன்றுக்குத் தந்தையார் மகனை அழைத்துச் சென்றார். அப்போது ஹால்டேனுக்கு வயது எட்டு. பின்னர் அவரும் தங்கை நவோமியும் வீட்டுத் தோட்டத்தில் கினிப் பன்றிகளை வளர்த்து நிறங்களின் பாரம்பரியத்தைக் கணக்கிட்டனர். அந்நவோமியே பிற்காலத்தில் நாவலாசிரியராகப் பெயர் பெற்றவர். இருவரும் நண்பர் ஒருவருமாகச் சேர்ந்து சுண்டெலிகளில் இரு இயல்புகள் பிணைந்து செல்வதைக் கண்டு 1915ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாலூட்டிகளில் இவ்வகைப் பிணைப்பைக் காட்டிய முன்னோடிக் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. அக்கட்டுரை அச்சேறிய ஆண்டிலே அந்நண்பர் போர்க்களத்தில் மாண்டார்.

இங்கே இலக்கிய மாணவர் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. இத்துணைப் பெரிய விஞ்ஞானி பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். முதலிற் கணிதம் பயின்றார். பின்னர்க் கிரேக்கமும் இலத்தீனும் மெய்யியலும் பயின்று 1914ஆம் ஆண்டில் முதல் வகுப்பிற் தேறினார். பழைய மொழிகளைக் கற்றமை அவர்தம் விஞ்ஞானத்துக்கு இடையூறாயிற்று என்று எவரும் கூறார். சொல்லை அளந்து வழங்கும் பழக்கமும், எந்தக் கருத்தையும் அதன் வேர்வரை சென்று காணும் பழக்கமும் அக்கல்வியால் வந்தவை எனலாம்.

முதல் உலகப் போரில் அவர் பிரான்சிலும் மெசொப்பொத்தேமியாவிலும் போரிட்டுப் புண்பட்டார். புண் ஆறுதற்பொருட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நாட்டின் அழகும் பழமையும் அவர் நெஞ்சைக் கவர்ந்தன. ஆனால் ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருங்கே உண்ணவும் உரையாடவும் இயலாத அமைப்பு அவருக்கு வெறுப்பூட்டியது. நாற்பது ஆண்டுகளின் பின் அவர் திரும்பி வந்தபோது அவ்வமைப்பு நீங்கியிருந்தது.

போரின் பின் 1923ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனத் துறையிற் பணி ஏற்றார். உடலினுள் நிகழும் மாற்றங்களை விரைவுபடுத்தும் நொதியங்களே அங்கு அவர் ஆராய்ந்த பொருள். நொதியம் இன்னதென்பதை நம் நாட்டார் அறிந்த ஒன்றைக்கொண்டு விளக்கலாம். குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும் மதகு திறவாமல் வயலுக்குப் பாயாது. எந்த மதகு எவ்வளவு திறக்கிறதோ அதற்கேற்ப எந்த வயல் விளையும், எது வறளும் என்பது அமையும். உடலிலே உணவு குளத்து நீர், நொதியங்கள் மதகுகள். இம்மதகுகள் வேலை செய்யும் வேகத்தைக் கணக்கிடும் சமன்பாட்டை 1925ஆம் ஆண்டில் பிரிக்ஸ் என்பாரோடு சேர்ந்து ஹால்டேன் திருத்தியமைத்தார். உலகெங்கும் உயிர்இரசாயன மாணவர் இன்றும் அதனைப் பயில்கின்றனர்.

இக்காலத்திலேதான் தந்தையின் வழியில் தம் உடலையே ஆய்வுகூடமாக்கினார். குருதியில் அமிலம் மிகுந்தால் என்ன நேரும் என்று அறிய அமோனியங்குளோரைட்டைக் கரைத்துக் குடித்தார். அதன் பயனாகப் பல நாட்கள் மேல்மூச்சு வாங்கினார். உணவாக உட்சென்ற ஓர் உப்பு குருதியின் இரசாயனத்தை மாற்றி, மூச்சின் வேகத்தையும் மாற்றியது. உண்பதும் உயிர்ப்பதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதைத் தம் நெஞ்சு விம்ம விம்ம அறிந்துகொண்டார்.

இனி, மதகை அமைப்பவர் யார் என்னும் வினா எழுந்தது. கருநிறச் சிறுநீர் வெளிப்படும் அரிய நோய் ஒன்று சில குடும்பங்களில் மெண்டல் விதிப்படி வருவதையும், உடலில் ஒரு மாற்றம் தடைப்படுவதே அதன் காரணம் என்பதையும் கரட் என்னும் ஆங்கில மருத்துவர் 1902ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். அதன் பொருளை உணர்ந்தோர் அந்நாளிற் சிலரே. ஹால்டேன் அக்கருத்தைப் பற்றிக்கொண்டார். ஜோன் இன்ஸ் தோட்டக்கலை நிலையத்தின் ஆய்வுப் பொறுப்பையும் ஏற்று, மலர்களின் நிறத்தை ஆராய ஊக்கினார். ஒரு பரம்பரையலகு மாறினால் இதழின் நிறப்பொருளில் ஓர் இரசாயன மாற்றம் உண்டாகிறது என்பது அங்கே தெளிவாயிற்று. பரம்பரையலகு நொதியத்தை ஆள்கிறது, நொதியம் அனுசேபத்தை ஆள்கிறது என்னும் வரிசை இவ்வாறு உருப்பெற்றது. 1941ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பீடிலும் டேற்றமும் ரொட்டிப் பூஞ்சணத்தைக் கொண்டு இவ்வுறவைச் சோதனையால் உறுதிப்படுத்தினர். ஹால்டேன் இப்பொருள் பற்றித் தனிநூல் ஒன்றை 1954ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இதனினும் பரந்த புகழை அவருக்கு ஈட்டித்தந்தது கூர்ப்புக் கொள்கைக்கு அவர் அளித்த கணிதம். டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு எவ்வளவு விரைவில் ஓர் இனத்தை மாற்றும் என்பதை 1924ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து வெளியிட்ட கட்டுரைகளில் அவர் கணக்கிட்டார். ஆங்கில நாட்டுத் தொழில் நகரங்களில் புகை படிந்த மரங்களின்மேல் வாழ்ந்த அந்துப்பூச்சிகளில் வெண்ணிற வகை அருகிக் கருநிற வகை பெருகியது. அந்த வேகத்தில் மாற்றம் நிகழ வேண்டுமாயின் கருநிறப் பூச்சி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச் சென்றிருத்தல் வேண்டும் என்று காட்டினார். பிஷர், றைட் என்னும் இருவரோடு ஹால்டேனும் சேர்ந்த மூவரே இக்கணிதத்தின் மூலவர் எனப்படுவர். 1932ஆம் ஆண்டில் அவர் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். அடுத்த ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேராசிரியரானார்.

அக்காலம் பாரம்பரியம் என்னும் சொல் கொடியோர் கையிற் படைக்கலமாகிய காலம். நற்குடிப் பிறப்பு, தாழ்குடிப் பிறப்பு என்று மனிதரைத் தரம்பிரித்து, தாழ்ந்தோர் எனப்பட்டோர் பிள்ளை பெறாதவாறு தடுக்க வேண்டும் என்று கற்றவர்களே கூறினர். யேர்மனியில் அது சட்டமாகவும் பின்னர்ப் படுகொலையாகவும் முடிந்தது. பாரம்பரியத்தை அவர்களினும் நன்கறிந்த ஹால்டேன், அவ்வறிவைக் கொண்டே அவர்களை எதிர்த்தார். 1938ஆம் ஆண்டில் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். பிறப்பும் சூழலும் ஒன்றோடொன்று எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை 1946ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் கணித முறையில் விளக்கினார். அதன் கருத்தை நம் வயலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். இரு நெல்லினங்கள் உள்ளன என்க. நீர் நிறைந்த வயலில் முதலாவது மிகுதியாய் விளைகிறது. மானாவாரி நிலத்தில் இரண்டாவதே விளைகிறது, முதலாவது கருகிவிடுகிறது. இவற்றுள் உயர்ந்த இனம் எது என்று கேட்டால், எந்த நிலத்தில் என்று திருப்பிக் கேட்பதன்றி வேறு விடையில்லை. நிலத்தைக் கூறாமல் பிறப்பை மட்டும் கொண்டு தரம் கூறுதல் பொருளற்றது.

மூச்சைப் பற்றிய ஆராய்ச்சியும் அவரை விட்டு நீங்கவில்லை. 1939ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தீற்றிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தின்போது மூழ்கி 99 பேர் உயிரிழந்தனர். அவர்கள் எவ்வாறு இறந்தனர், இனி வருவோரைக் காப்பது எவ்வாறு என்பதை அறிய ஹால்டேன் உருக்கு அறைகளுள்ளே தம்மை அடைத்துக்கொண்டு, கெட்ட காற்றையும் மிகையழுத்தக் காற்றையும் உயிர்த்துப் பார்த்தார். அழுத்தம் மிகுந்த ஒட்சிசனால் வலிப்பு வந்து அவர் முதுகெலும்பு ஊறுபட்டது. அந்நோவு வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது.

பெரியாரின் வரலாற்றை எழுதுவோர் குறைகளை மறைத்தல் முறையன்று. ஹால்டேன் பல ஆண்டுகள் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்திருந்தார். தொழிலாளர் படிக்கும் நாளிதழில் எளிய நடையில் விஞ்ஞானக் கட்டுரைகள் பல எழுதினார். அது பெருந்தொண்டு. ஆனால் சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மெண்டலின் விதிகளையே பொய்யென்று மறுத்து, உண்மை பேசிய அறிஞரை ஒடுக்கிய காலத்தில், ஹால்டேன் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். கட்சிப் பற்றும் ஆராய்ச்சி நேர்மையும் அவருள்ளே நெடுநாட் போரிட்டன. 1950ஆம் ஆண்டளவில் அவர் கட்சியை விட்டு விலகினார். தயங்கிய காலம் அவர் புகழில் ஒரு மறுவாகவே நிற்கிறது.

1957ஆம் ஆண்டில், தம் அறுபத்து நான்காம் வயதில், இலண்டன் பதவியைத் துறந்து மனைவி ஹெலன் ஸ்பேர்வேயுடன் கல்கத்தாவுக்கு வந்தார். பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகம் அவரை வரவேற்றது. முந்தைய ஆண்டில் பிரித்தானியா சுயெஸ் கால்வாயின்மேற் படையெடுத்ததைப் பொறுக்காமலே நாட்டை விட்டதாக அவர் அறிவித்தார். அறுபது ஆண்டு காலுறை அணிந்தது போதும் என்றும் வேடிக்கையாகக் கூறுவாராம். இந்தியரின் உடையை உடுத்தார். புலால் உணவை விட்டார். இந்நாட்டின் பழைய நூல்களை ஆர்வத்தோடு பயின்றார். 1961ஆம் ஆண்டில் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய இளைஞர்க்கு அவர் காட்டிய வழி, கண்ணையும் கணக்கையும் கருவியாகக் கொள்க என்பதே. அதுவும் உயிர்களைக் கொல்லாமலே செய்க என்றார். அவரிடம் பயின்ற துரோணம்ராஜு, உண்ணிச்செடியின் வெவ்வேறு நிறப் பூக்களுக்கு எந்த வண்ணத்துப்பூச்சி எத்தனை முறை தேன் உண்ண வருகிறது என்று எண்ணினார். சில இனங்கள் ஒரு நிறத்தையே பெரிதும் நாடுகின்றன என்பது அவ்வெண்ணிக்கையால் வெளிப்பட்டது. உணவு விருப்பு என்பது அளக்கத்தக்க பொருள் என்பதற்கு அதுவே சான்று. டேவிஸ் என்பவர் தென்னையின் ஓலைகள் வலமாகச் சுழல்கின்றனவா இடமாகச் சுழல்கின்றனவா என்று ஆயிரக்கணக்கான மரங்களைப் பார்த்துக் குறித்தார். ஜெயகர் குளவிகள் கூடு கட்டுவதைக் கவனித்தார். நம் ஊர்ப் பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய வேலைகள் இவை. ஆயினும் உலக ஆராய்ச்சி ஏடுகளில் இடம்பெற்றன.

இவ்வழியிலேதான் மீனும் அவர் வாழ்வில் வந்து புகுந்தது. ஹெலன் ஸ்பேர்வே இலண்டனிலேயே கப்பி மீன்களின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தவர். விலங்குகளின் நடத்தையில் வல்லவர். பல்லி போன்ற உருவுடைய ஈரூடகவாழி ஒன்று எவ்வாறு மூச்சு விடுகிறது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தனர். இந்தியாவுக்கு வந்தபின் அவர்கள் தெரிந்தெடுத்த உயிர் பனையேறிக் கெண்டை.

பனையேறிக் கெண்டையின் புகழ் தமிழ் மண்ணிலேயே தொடங்கியது. தரங்கம்பாடி டேனியர் வசமிருந்த காலத்தில், டால்டோர்ஃப் என்னும் படை அதிகாரி இம்மீன் பனைமரத்தின்மேல் ஏறியிருக்கக் கண்டதாக எழுதிய செய்தி 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சாயிற்று. பிரெஞ்சு அறிஞர் கூவியே இதற்கு அனபாஸ் என்று பெயரிட்டார். ஏறுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மரத்திற் காணப்பட்ட மீன்கள் பறவைகள் கவ்விச் சென்று விட்டவையாகலாம் என்று பின்வந்தோர் ஐயுற்றனர். ஆனால் ஒரு குளம் வற்றினால் செவுள் மூடிகளை ஊன்றித் தரைமேல் நகர்ந்து மறு குளம் தேடுவது உண்மை. இலங்கையின் தாழ்நிலக் குளங்களிலும் வயல்களிலும் இம்மீன் உண்டு.

இது நீரில் வாழினும் காற்றை உயிர்ப்பது. செவுள்களுக்கு மேலே, தலையினுள், மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி அதனுள் நிறைத்து ஒட்சிசனைப் பெறுகிறது. மேலே வரவிடாமல் வலையால் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துவிடும். முட்டையினின்று வந்த குஞ்சிலோ இவ்வுறுப்பு இல்லை; அது செவுளாலேயே உயிர்க்கிறது. வளர வளர உறுப்பு தோன்றுகிறது. அதனோடு மேலே வரும் பழக்கமும் தோன்றுகிறது. மரபில் எழுதப்பட்டது பிறந்த அன்றே முழுதும் வெளிப்படுவதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஹால்டேன் தம்பதியர் இம்மீன் மூச்சை ஆளும் முறையையே ஆராய்ந்தனர். மீன் மேலே வருவதைக் குறித்துக்கொள்வதாற் கிடைக்கும் செய்தி சிறிதன்று. நீர் வெப்பமடைந்தால் அதிற் கரைந்த ஒட்சிசன் குறையும், மீனின் தேவையோ கூடும். இரை உண்டபின் அதனைச் செரிப்பதற்கு மேலும் ஒட்சிசன் வேண்டும். ஆகவே உடலுள் மறைவாய் நிகழும் அனுசேபம், இத்தகைய மீனிடத்தே, நீர்மட்டத்துக்கு வரும் வரவுகளாகக் கண்ணுக்குப் புலனாகிறது. அறுக்காமலும் கொல்லாமலும் ஓர் உயிரின் உள்வேலையை அறிவதற்கு இதனினும் ஏற்ற உயிரைக் காண்பதரிது.

அவ்வாராய்ச்சிக் கட்டுரை எந்த நூலில் வெளிவந்தது என்பதே மனத்தை உருக்குவது. தந்தையார் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் பிறந்தது 1860ஆம் ஆண்டு. மறைந்தது 1936ஆம் ஆண்டு. அவருடைய நூற்றாண்டை நினைவுகூர்ந்து நிகழ்ந்த ஒக்ஸ்போர்ட் கருத்தரங்கின் கட்டுரைகள் 1963ஆம் ஆண்டில் மனித மூச்சைப் பற்றிய பெருநூலாக வந்தன. அந்நூலில், மனிதரைப் பற்றிய கட்டுரைகளின் இடையே, பனையேறிக் கெண்டையின் மூச்சைப் பற்றிய சிறு கட்டுரை ஒன்றை மகனும் மருமகளும் சேர்த்திருந்தனர். சுரங்கத்திலே தந்தையிடம் கற்ற பாடத்துக்கு மகன் செலுத்திய காணிக்கை அது.

1962ஆம் ஆண்டில் ஒரிசா அரசின் அழைப்பை ஏற்றுப் புவனேஸ்வரில் பிறப்புரிமையியல் ஆய்வுகூடம் ஒன்றை அமைத்தார். ஆனால் காலம் அதிகம் இருக்கவில்லை. 1963ஆம் ஆண்டின் இறுதியிற் புற்றுநோய் கண்டது. இலண்டன் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டிருந்தபோதும் அந்நோயைப் பற்றியே நகைச்சுவைப் பாடல் ஒன்று எழுதினார். காலத்தோடு மருத்துவரை நாடினால் உயிர் தப்பலாம் என்பதை மக்களுக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். தமக்குரிய மரண அறிவிப்பைத் தாமே வானொலி நிலையத்துக்காகப் பேசிப் பதிவு செய்தும் வைத்தார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 1ஆம் நாள் புவனேஸ்வரில் உயிர் நீத்தார். வாழ்நாளெல்லாம் ஆராய்ச்சிக்குக் கொடுத்த உடலை இறந்த பின்னரும் கொடுத்தார். அவர் விருப்பப்படி அது காக்கிநாடாவிலுள்ள ரங்கராய மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது.

அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், பரம்பரையலகுகளை எழுத்தெழுத்தாகப் படிக்கும் ஆற்றல் வந்துவிட்டது. அப்போது மீன்களிடத்தே வெளிப்பட்ட செய்திகள் அவர் கொள்கைக்கு உரை எழுதியது போல் அமைந்தன. அவற்றுள் இரண்டைக் கூறுவோம்.

வடபுலத்துக் கடல்களில் முதுகில் மூன்று முட்களையுடைய சிறு மீன் ஒன்றுண்டு. அதன் கிளைகள் சில கடலை விட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் குடியேறின. கடல் உணவில் மீனின் மூளைக்கும் உடலுக்கும் இன்றியமையாத ஒருவகைக் கொழுப்பமிலம் மிகுதி. நன்னீர்ப் பூச்சிகளிலோ அது மிகக் குறைவு. நன்னீரிற் குடியேறி நிலைத்த கிளைகளில் அக்கொழுப்பமிலத்தை உடலிலேயே ஆக்கும் நொதியத்தின் பரம்பரையலகு ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாகப் பெருகியிருப்பதை ஜப்பானிய அறிஞர் தலைமையில் 1919க்கு ஒரு நூற்றாண்டு பின், 2019ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. புதிய வயலுக்குப் புதிய மதகு வேண்டியிருந்தது. மதகு பெருகிய குலமே அங்கு தழைத்தது.

மற்றொன்று மெக்சிக்கோ நாட்டு இருட்குகைகளில் வாழும் கண்ணற்ற மீன். அக்குகைகளில் வெள்ளம் வரும் பருவத்திலன்றி உணவு அரிது. அம்மீன்கள் சிலவற்றில் பசியை அடக்கும் பரம்பரையலகு விகாரமடைந்திருப்பதை 2015ஆம் ஆண்டில் கண்டனர். ஆகவே அவற்றுக்குப் பசி தணிவதில்லை. கிடைத்தபோது மிகுதியாய் உண்டு கொழுப்பைச் சேர்த்து வைக்கின்றன. இன்சுலினுக்கு அவற்றின் உடல் இணங்காமையும் 2018ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. குருதியிற் சர்க்கரை மிகுந்தும் அவை நலமாகவே வாழ்கின்றன. மனிதரிடத்தே இத்தகைய விகாரங்கள் நோய் எனப்படும். பஞ்சம் நிலவும் குகையிலோ அவை உயிர் காக்கும் செல்வம். ஆற்றிலே வாழும் அவற்றின் உறவினர்க்கு அதே பசி சுமையாகியிருக்கும்.

எனவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை ஒருவாறு கிடைக்கிறது. மீனின் பசியிலும் அதன் உடல் உணவை ஆளும் முறையிலும் பிறப்பின் பங்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிறப்பு தருவது தீர்ப்பன்று, கருவியே. அக்கருவி நன்றா தீதா என்பதை அது தொழிற்படும் நீரும் உணவும் காற்றுமே முடிவு செய்கின்றன.

இதனை மீனோடு விட்டுவிடலாகாது. மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து வெறும் வயிற்றோடு நடந்து வரும் பிள்ளை வகுப்பிலே கண்ணயர்ந்தால், இவனுக்குப் படிப்பு வராது, இவன் குலத்துக்கே வராது என்று சொல்லுவோர் இன்றும் நம்மிடையே உளர். அவ்வாறு சொல்லுவோர் தாம் விஞ்ஞானம் பேசுவதாகவே எண்ணுகின்றனர். பாரம்பரியத்தின் கணக்கைத் தம் காலத்தில் எவரினும் நன்கறிந்த ஒருவர், நிலத்தைக் கூறாமல் விதையைப் பழிக்காதீர் என்பதையே வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார் என்பதை அவர்க்கு எடுத்துரைத்தல் நம் கடன். காலை உணவும் நல்ல காற்றும் ஒளியும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் கிடைத்த பின்னன்றோ அப்பிள்ளையின் பிறப்பைப் பற்றி நாம் ஏதேனும் பேசத் தகுதியுடையோம்?